பிழையாய்ப் போன குப்பி

“பிள்ளையார் எனக்கு ஒண்டும் தரேல்லையே அம்மா, பிறகேன் நான் அவருக்குத் தேங்காய் உடைக்க வேணும்?”

இப்படிக் கேட்டபோது கோசலாவுக்கு எட்டு வயது. முந்திய வெள்ளிக்கிழமை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் கூட்டத்தோடு நின்றபோது, யாரும் கேட்காமலே, வருகிற கிழமை உமக்கு ஒரு தேங்காய் உடைப்பேன் என்று சாமிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சொல்லும்போது மனம் குளிர்ந்திருந்தது. கிழமை திரும்பியபோது அதே காசுக்கு ஐஸ்கிறீம் குடிக்கலாம் என்ற ஞானம் வந்துவிட்டது. தகப்பன் யோகேந்திரன், தேங்காய் விற்கிற விலையில் பிள்ளையாரே வேண்டாமென்றுதான் சொல்லுவார் என்று சிரித்தார். தாய் றஞ்சனா சிரிக்கவில்லை.

“அவர் கேட்டவரோ? இல்லையே. நீதானே சொன்னனி. மனமறிஞ்சு சொன்னதெண்டால் உடைச்சுப்போட்டு வா.”

பிள்ளை போய் உடைத்துவிட்டு வந்தாள். அந்தப் பதில் மட்டும் அவளுக்கு நினைவில் நின்றிருந்தால், பின்னாளில் ஒரு வகுப்புக்கே அவள் பிழையாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாள்.

கோசலா வளர்ந்து சட்டம் படிக்கப் போனாள். பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அவள் சிறு வயதிலிருந்தே ஆங்கிலக் கதைப் புத்தகங்களோடு வளர்ந்தவள். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பது அவளுக்குப் பாரமாக இருக்கவில்லை. ஆனால் முதலாம் ஆண்டில் அவளோடு சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயர்தரம்வரை தமிழில் படித்தவர்கள். முதல் மாதம் அவர்கள் விரிவுரை மண்டபத்தில் இருந்ததைப் பார்த்தால், வெளியூர்க் கலியாண வீட்டில் யாரையும் தெரியாமல் பந்தியில் அமர்ந்தவர்கள் மாதிரி இருக்கும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அப்படியானவர்களுக்காகத்தான் குப்பி இருக்கிறது. குப்பி என்பது மின்சாரம் இல்லாத வீடுகளில் எரிந்த போத்தல் விளக்கின் பெயர். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில், பாடம் விளங்கிய ஒருவர் விளங்காதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுப்பதற்கும் அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. குப்பிக்குக் கட்டணம் இல்லை. நன்றி சொல்கிற வழக்கமும் இல்லை, சொன்னால் சிரிப்பார்கள். குப்பி வாங்கியவர் என்றைக்காவது இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். விளக்கிலிருந்து விளக்கை ஏற்றுவதற்கு யார் யாருக்கு நன்றி சொல்வது?

அந்த ஆண்டில் குப்பி கொடுப்பவள் கோசலாதான் என்று ஆகிவிட்டது. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், ஒரு பெரிய மாரா மரத்தடியில் இருந்த சீமெந்து வாங்குகளில் பிள்ளைகள் கூடுவார்கள். ஹந்தானையிலிருந்து வரும் திலீபன் எப்போதும் பிந்தி வருவான். வந்து, வழக்கு ஒத்திவைக்கப்பட்டதா என்று கேட்பான். மடவளைப் பிள்ளை ஜஹானா வீட்டிலிருந்து கொண்டுவருகிற ரோல்ஸுக்காகவே நபீல் முன்வரிசையில் இருப்பான். கோசலா ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் உடைத்துச் சொல்லி, பரீட்சையில் எழுத வேண்டிய ஆங்கில வசனத்தையும் கையில் வைத்ததுபோலக் கொடுப்பாள். சொல்லிக் கொடுப்பது அவளுக்கு இயல்பாக வந்தது. அது ஒரு நல்ல வரம். நல்ல வரத்தோடு கொஞ்சம் பெருமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்; அதை நாம்தான் அடிக்கடி எழுப்பி அனுப்ப வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசாதவள் லோஜினி. வத்தேகமத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். தாய் பேச்சியம்மா வத்தேகமப் பட்டினத்தில் ஒரு தையற்கடையில் வேலை செய்தாள். லோஜினிக்கு ஒன்று விளங்க நேரம் எடுக்கும். ஆனால் விளங்கியது பிறகு கல்லில் வெட்டியதுபோல நிற்கும். ஆங்கில வசனங்களை முழுசு முழுசாக மனப்பாடம் செய்தே அவள் எழுதினாள். ஆண்டின் நடுவில் நடந்த ஒப்பந்தச் சட்டச் சோதனையில் அவள் சித்தியடையவில்லை. அதைக் கோசலாவிடம் மட்டும் சொன்னாள். கடைசிப் பரீட்சையிலும் இந்தப் பாடம் தவறினால் கலைப்பிரிவுக்கு மாறிவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள்.

“அம்மா தோட்டம் பூரா சொல்லி வச்சிருக்குங்க, மக லோயரா வருவான்னு. மாறினா, அவங்களுக்கு நான் எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியல” என்றாள். குரலில் அழுகை இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவள் போலச் சொன்னாள்.

அவள் கோசலாவிடம் மட்டும் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சோதனைக்குப் பிந்திய கிழமை றஞ்சனா டெங்கு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். யோகேந்திரன் மன்னாருக்கு மாற்றலாகிப் போயிருந்த காலம். கோசலா விரிவுரைகளை விட்டுவிட்டுத் தாயின் கட்டிலடியில் இருந்தாள். ஒரு பின்னேரம் வார்டு வாசலில் லோஜினி நின்றாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு விடை சொல்லவில்லை. நீங்க போய்க் குளிச்சிட்டு, கொஞ்சம் படுத்து எழும்பி வாங்க, அம்மாகிட்ட நான் இருக்கேன் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு றஞ்சனா வீடு திரும்பும்வரை ஒவ்வொரு பின்னேரமும் வந்தாள். தலையைத் துடைத்துவிட்டு, கஞ்சி பருக்கி, கோசலா நன்றாக உறங்கி எழுந்து வரும்வரை இருந்தாள். வளாகத்தில் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பின்னேரங்களில் எங்கே போகிறாய் என்று ஜஹானா கேட்டபோது டவுனில் ஒரு வேலை இருக்கிறது என்றாளாம்.

கோசலா தவறவிட்ட விரிவுரைகளில் என்ன நடந்தது என்று சொல்லித் தரவா என்றும் லோஜினி கேட்டிருந்தாள். கோசலா, பரவாயில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையின் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பதைவிட நானே வாசித்துவிடலாம் என்று மனதில் நினைத்தாள். நினைத்தது சின்ன நினைப்புத்தான். பெரிய பிழைகள் பலவும் அப்படித்தான் தொடங்குகின்றன.

அவள் பார்த்தது இங்கிலாந்தில் அச்சான ஒரு தடித்த புத்தகம். அதில் ஒப்பந்தம் என்ற அதிகாரத்தில் முதலாவதாகச் சொல்லியிருந்தது, ஒரு வாக்கு சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால் அதற்குப் பதிலாக மற்றவர் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது. ஆங்கிலத்தில் ‘கன்சிடரேஷன்’ என்பார்கள். கோசலா அதைத் தமிழில் கைம்மாறு என்று வைத்துக்கொண்டாள். கைம்மாறு இல்லாத வாக்கு வெறும் பேச்சு. பரீட்சைக்கு முந்திய குப்பியில் அதை எவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்தாள்! நோயில் தன்னைப் பராமரித்த மருமகனுக்கு, சுகமான பிறகு மாமன் ஒருவன் தன் மோட்டார் சைக்கிளைத் தருவதாக எழுதிக் கொடுக்கிறான். பிறகு மாட்டேன் என்கிறான். மருமகன் வழக்குப் போட்டால் வெல்லுவானா? வெல்லமாட்டான், ஏனென்றால் வாக்குக்கு முன்பே முடிந்துபோன உதவி கைம்மாறு ஆகாது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

லோஜினி மட்டும் பேனையைக் கீழே வைத்தாள். “லெக்சர்ல சார் வேற மாதிரி சொன்ன மாதிரி இருந்திச்சே... நம்ம நாட்டுல அது வேணாம்னு.”

கோசலா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “அது ஏதும் விதிவிலக்கா இருக்கும். நீர் பிழையா விளங்கியிருப்பீர்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். லோஜினி பேனையை எடுத்து எழுதத் தொடங்கினாள். அதற்குப் பிறகு பரீட்சை விடுமுறைக்கு எல்லோரும் வீடுகளுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை காலையில்தான் கோசலாவுக்குப் பிழை தெரிந்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்து விரிக்காமலே வைத்திருந்த, இந்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுதிய நூலை எதற்கும் ஒருமுறை புரட்டினாள். அது நிதானமாகச் சொல்லியது: இலங்கையில் பொதுவான ஒப்பந்தங்களுக்குக் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டமே அடிப்படை. அதற்குக் கைம்மாறு தேவையில்லை. நல்ல காரணத்தோடு, மனமறிந்து, கட்டுப்படும் எண்ணத்தோடு சொன்ன வாக்கே போதும். நன்றிக்கடனும் நல்ல காரணம்தான். அந்த மருமகன் இங்கே வழக்குப் போட்டால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

கோசலா அந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசித்தாள். முதலில் வெட்கம் வந்தது. பிறகுதான் பயம் வந்தது. வெட்கம் தன்னைப் பற்றியது. பயம் மற்றவர்களைப் பற்றியது. இந்த இரண்டில் எது முந்தி வருகிறது என்பதை வைத்து ஒருவரை அளந்துவிடக் கூடாது. எது கடைசியில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை. அவள் கைத்தொலைபேசியை எடுத்து, வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்குப் பேசி அனுப்பினாள். பிழை என்னுடையது, பாடப் புத்தகத்தினுடையது அல்ல, சாருடையதும் அல்ல. நான் வராத நாளின் பாடத்தை நானாக ஊகித்துச் சொல்லிவிட்டேன் என்று தொடங்கி, சரியானதை ஒழுங்காக விளக்கினாள். லோஜினி அன்று கேட்டதுதான் சரி என்றும் சொன்னாள்.

முதல் பதில் திலீபனுடையது. மேன்முறையீடு செய்ய முந்தியே தீர்ப்பை மாத்திட்டீங்களே, நீதவான் அம்மா, என்று எழுதியிருந்தான். நபீல், தான் இன்னும் படிக்கத் தொடங்காததால் தனக்கு ஒரு நட்டமும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ், என்றான். கோசலா சிரித்தாள், கண்ணும் கலங்கியது. ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் கேட்டுவிட்டதாக அறிவித்தார்கள். லோஜினியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஜஹானா தனியாக அழைத்தாள்.

“லோஜினிக்கு நான் வேறயா அனுப்பிப் பாத்தன், ஒரு டிக்தான் ஈக்கி. அவட தோட்டத்துல சிக்னலே இல்லயாம். நீங்க ஏன் தலய ஒடச்சிக்கிறீங்க? செவ்வாக்கெழம ஹோல் வாசல்ல வச்சிச் செல்லுவோமே.”

கெட்ட யோசனை அல்ல. வேறு எவருக்கென்றாலும் அது போதும். ஆனால் லோஜினி எப்படிப் படிப்பாள் என்று கோசலாவுக்குத் தெரியும். அவள் அந்த வசனங்களை இந்நேரம் கல்லில் வெட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் வைத்து அதை அழி, இதை எழுது என்றால் இரண்டும் இல்லாமல் போய்விடும். அதுவும், சரியானதை அறிந்திருந்த ஒரே பிள்ளை அவள்தான். அதை அவள் மனதிலிருந்து எடுத்து எறிந்தவள் கோசலா.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வத்தேகமம்வரை போய்விட்டு வருகிறேன் என்று றஞ்சனாவிடம் சொன்னாள். நாளை மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு எதற்கு என்று தாய் கேட்டார். மகள் நடந்ததைச் சொன்னாள். றஞ்சனா இடியப்பத்தையும் சம்பலையும் இரண்டு பேருக்கென்று கட்டிக் கொடுத்தார்.

பஸ் மடவளை தாண்டி வத்தேகமத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஆட்டோவில் தேயிலைக்கு நடுவே ஏறினாள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் வாசலில் பேச்சியம்மா சந்தைக்குப் போகப் புறப்பட்டு நின்றாள். கோசலாவை முன்பின் பார்த்திராதவள், பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் வீட்டில் இல்லை, லயத்தில் சத்தமாக இருப்பதால் பிள்ளைக்காம்பராவில் இருந்து படிக்கிறாள் என்று வழி காட்டினாள். பிள்ளைக்காம்பரா என்பது தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை ஓர் ஆயாவிடம் விட்டுச் செல்லும் கட்டடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியிருக்கும்.

லோஜினி தரையில் பாய் விரித்து, சுவரைப் பார்த்து, மெல்லிய குரலில் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். கோசலா வாசலில் நின்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் கோசலா கொடுத்த சொல். ஒரு எழுத்தும் பிசகவில்லை. தன் பிழையை இன்னொருவர் வாயில் இவ்வளவு பக்தியோடு கேட்பதைப்போல மனதைச் சுடுவது வேறொன்றும் இல்லை.

“லோஜினி” என்று கூப்பிட்டாள். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். உட்காரும் முன்பே கோசலா சொல்லிவிட்டாள். “நான் தந்தது பிழை. நீர் சொன்னதுதான் சரி. அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உம்மை அப்பிடிச் சொன்னதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

லோஜினி கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். அவற்றோடு எத்தனை நாள் போயிற்று என்று அவள் நினைப்பது கோசலாவுக்குத் தெரிந்தது. பிறகு அவள் பாயில் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.

“பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. மொதல்ல ஒக்காருங்க” என்றாள்.

இருவரும் இடியப்பத்தைச் சாப்பிட்டார்கள். பிறகு பாடம் தொடங்கியது. இம்முறை கோசலா வசனங்களைக் கொடுக்கவில்லை. முதலில் விஷயம் விளங்கட்டும், வசனத்தை நீரே கட்டலாம் என்றாள். ஆனால் விளங்கவைப்பது இலகுவாக இருக்கவில்லை. ஒன்றும் வாங்காமல் சொன்ன சொல்லுக்குச் சட்டம் ஏன் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று லோஜினி திரும்பத் திரும்பக் கேட்டாள். மனப்பாடம் அவளை அந்தப் பக்கமாகவே இழுத்தது. அப்போதுதான் கோசலாவுக்குத் தன் எட்டு வயதுத் தேங்காய் நினைவுக்கு வந்தது. தாய் சொன்ன பதிலோடு அந்தக் கதையைச் சொன்னாள்.

லோஜினி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “இந்தா, இந்தத் தெறப்பு மாதிரியா?” என்று பாயோரத்தில் கிடந்த சாவியைக் காட்டினாள்.

“என்ன திறப்பு?”

“இந்தக் காம்பரா தெறப்பு. ஆயா சும்மாதாங்க குடுத்தாங்க, ஒண்ணும் கேக்கல. நாந்தான் பொறகு, தொட்டித் துணியெல்லாம் தொவச்சுப் போட்டுர்றேன்னு சொன்னேன். நாளைக்குக் காலையில புள்ளைங்க வருதுல்ல. அப்ப ஆயா எனக்குச் செஞ்சது முன்னுக்கே முடிஞ்சிருச்சு. நான் சொன்னது பொறகு. இங்கிலீஷ்காரன் சட்டத்துல அது செல்லாது. நம்ம சட்டத்துல...”

“நம்மட சட்டத்தில?”

“நன்றிக்குச் சொன்னேன். மனசறிஞ்சு சொன்னேன். காரணம் இருக்கு. செல்லும்.”

சொல்லிவிட்டு அவளே வியந்து போனாள். அன்றைக்கு அந்த மலையில் வேறொரு வெளிச்சமும் தேவைப்படவில்லை.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடலாம். வாசிப்பவரைக் காக்கவைப்பது நல்லதல்ல. செவ்வாய்க்கிழமை வினாத்தாளில் மாமன் வரவில்லை, மோட்டார் சைக்கிளும் வரவில்லை. ஆனால் தன்னை வளர்த்த அக்காளுக்குத் தையல் இயந்திரம் தருவதாகச் சொல்லி மறுத்த தம்பி ஒருவன் வந்தான். லோஜினி தன் சொந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வசனங்களில், திருத்தமாக எழுதினாள். சித்தியடைந்தாள். பெரிய புள்ளி அல்ல. சட்டத்துறையிலேயே இருக்கப் போதுமான புள்ளி. அடுத்த ஆண்டு புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அந்த மரத்தடியில் ஒப்பந்தச் சட்டத்துக்குக் குப்பி கொடுத்தவள் அவள்தான்.

ஞாயிறு பின்னேரத்துக்குத் திரும்புவோம். கோசலா ஒரு வினாவைக் கொடுத்து, விடையை எழுதிப் பாரும் என்றாள். லோஜினி கவனமாக எழுதி முடித்தாள். கோசலா அதை வாசித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் சுவரில் சாய்ந்தாள். பல நாள் சரியாக உறங்காதவள். தாளிலிருந்து கண்ணெடுத்துக் கோசலா பார்த்தபோது, பாயில் சரிந்து, கையைத் தலைக்கு வைத்து உறங்கிவிட்டிருந்தாள்.

கோசலா எழுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவள் வந்துபோன பின்னேரங்களில் வீட்டில் தான் எப்படி உறங்கினோம் என்பதை நினைத்துக்கொண்டாள்.

மூலையில் தொட்டில் துணிகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. பால் மணமும் மூத்திர மணமும் அடித்தன. அருகே வாளியும் சவர்க்காரமும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பாடம் முடிந்ததும் துவைப்பதற்கென்று லோஜினி வைத்தவை.

கோசலா கூடையைத் தூக்கிக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். கட்டடத்துக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு குழாய் வழியே விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் அதைப் பீலி என்பார்கள். பாவாடையைச் செருகிக்கொண்டு குந்தினாள். தண்ணீர் எலும்புக்குள் குளிர்ந்தது. வீட்டில் இயந்திரத்தில் துவைத்துப் பழகியவள்; முதல் துணியில் எவ்வளவு சவர்க்காரம் போடுவது என்றுகூடத் தெரியவில்லை. நாலைந்து துணிக்குப் பிறகு கை பழகியது. கறைகளைத் தேய்த்தாள், அலசினாள், முறுக்கிப் பிழிந்தாள். கீழே வத்தேகமப் பக்கம் மழை இருண்டு வந்தது. அதனால் வெளியே கொடியில் போடாமல், பின்பக்கத் தாழ்வாரத்தில் கட்டியிருந்த கயிற்றில் ஒவ்வொன்றாக விரித்தாள். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

கடைசித் துணியை விரித்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். சிவந்துபோன விரல்களைப் பாவாடையில் துடைத்தாள். உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் முன்பு இருந்த இடத்திலேயே இருந்து, திருத்த மிச்சமிருந்த பக்கத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள்.